நல்ல ப்ரீடர் கேட்ட பெற்றோர்களுக்கு

நம் குடியிருப்பின் அப்பா அம்மாக்களுக்கு,

சி பிளாக் மூன்றாம் மாடியில் இருக்கும் கால்நடை மருத்துவர் எழுதுகிறேன். போன மாதம் மட்டும் உங்களில் நான்கு பேர் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "டாக்டர், பையனுக்கு ஆமை வாங்கணும். நல்ல ப்ரீடர் யாராவது தெரியுமா?" லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் ஒருவருக்கு, கார் நிறுத்துமிடத்தில் இன்னொருவருக்கு என்று அரைகுறையாக ஏதோ சொல்லித் தப்பித்தேன். அதற்குப் பிராயச்சித்தம்தான் இந்த மடல். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் தண்ணீர் லாரி அறிவிப்புக்கு அடியில் போய்விடும் என்பதால் வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் செருகியிருக்கிறேன்.

நாய்க்குட்டி வாங்கிய பழக்கத்தில் கேட்கிறீர்கள். கடையில் வாங்காமல் வளர்ப்பவர் வீட்டுக்கே போய், தாயைப் பார்த்து, தடுப்பூசி அட்டையை வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யலாம் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆமைக்கும் அது பொருந்தும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த ஆமை? தமிழில் கடலில் நீந்துவதும் ஆமை, கிணற்றில் கிடப்பதும் ஆமை, புதருக்குள் நடப்பதும் ஆமை. உங்களில் இருவர் போனில் காட்டியது நட்சத்திர ஆமை. ஒருவர் காட்டியது சல்கேட்டா என்னும் ஆப்பிரிக்க நில ஆமை. நான்காமவர் காட்டியது கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட தண்ணீர் ஆமை. மூன்றுக்கும் மூன்று பதில்.

நட்சத்திர ஆமைக்கு நல்ல ப்ரீடர் கிடையாது. கெட்ட ப்ரீடரும் கிடையாது. ப்ரீடரே கிடையாது. நம் நாட்டில் அதை வீட்டில் வைத்திருப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முன்பு பின்வரிசைப் பட்டியலில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் முதல் தேதி திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது அது முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டது. புலி, யானை இருக்கும் அட்டவணை. மாட்டினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உலக அளவிலும் 2019-இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் என்னும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் மாநாட்டில் அதை முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள். மாற்றக் கோரிய நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன.

"இது காட்டில் பிடிச்சது இல்லீங்க, பண்ணையில் பொரிச்சது" என்பார் விற்பவர். இந்த வசனத்தை நான் பத்து விதமான குரலில் கேட்டிருக்கிறேன். குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பது ரகசியமே இல்லை. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் நம் தென் மாவட்டங்களிலும் உள்ள முள்காட்டுப் புதர்களில் பொறுக்கியவை. ஒரே ஒரு சேகரிப்பு மையத்தின் வழியாக ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் போயின என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரே இடம், ஒரே ஆண்டு. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் போகும் பெட்டிகளில் துணிக்குள் சுற்றிய ஆமைகள் பிடிபட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தப் பெட்டிக்குப் போகாமல் உள்ளூரில் தங்கியதுதான் உங்கள் போனுக்குப் படமாக வருகிறது.

இன்னும் சிலர் "பேப்பர் இருக்கு" என்பார்கள். அது என்ன பேப்பர் என்று சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்கமாட்டோம் என்றது. அது வெளிநாட்டு உயிரினங்களுக்கு மட்டும். நம் சட்ட அட்டவணையில் உள்ள நட்சத்திர ஆமை அதில் வரவே வராது. ஆகவே நட்சத்திர ஆமைக்கு ஒருவர் பேப்பர் நீட்டினால், சட்டத்தை மீறியது போதாதென்று உங்களை ஏமாற்றவும் துணிந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று என் பாட்டி சொல்வார். அவருக்குச் சட்டம் தெரியாது. இப்போது முதலாவது புகுந்தால் இரண்டாவது தானாகப் பின்னால் வருகிறது, காக்கி உடையில்.

நானும் யோக்கியமில்லை. விருதுநகர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை இருந்தது. ஓட்டின் விளிம்பில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, கயிறு கட்டிக் கிணற்றடியில் விட்டிருந்தார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. ஓடு என்றால் நகம் மாதிரி, வலிக்காது என்று நினைத்தோம். கல்லூரியில் ஆமையின் எலும்புக்கூட்டைப் பார்த்த அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓடு என்பது அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து விரிந்த எலும்பு. மேலே மெல்லிய கொம்புத் தகடு. அடியில் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. நாங்கள் ஓட்டை போட்டது அதன் எலும்பில்.

சரி, டிபன் பாக்ஸ் கதைக்கு வருகிறேன். சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது.

இரண்டு வருடம் முன்பு ஒரு மாலை நம் குடியிருப்புப் பையன் ஒருவன் எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு என் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே ஈரத் துணி, துணிக்குள் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய நட்சத்திர ஆமை. "ஆன்ட்டி, இது தூங்கிட்டே இருக்கு." தூங்கவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. மூக்கில் சின்னச் சின்னக் குமிழி. ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. மூக்கில் குமிழி வந்துவிட்டால் நுரையீரல் வரை போய்விட்டது என்று பயப்பட வேண்டும். அடிவயிற்று ஓட்டை என் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். பழைய பிளாஸ்டிக் சோப்பு டப்பா மாதிரி உள்ளே போய் வந்தது. நகைக்கடைத் தராசில் வைத்ததில் 31 கிராம்.

வள்ளுவர் புலனடக்கத்துக்கு ஆமையைத்தான் உவமை சொன்னார். என் தொழிலில் அதுவே முதல் பரிசோதனை. முன்னங்காலை லேசாகப் பிடித்து இழுத்தால் நல்ல ஆமை விருட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு பலமா என்று ஆச்சரியமாக இருக்கும். இதன் கால் நான் இழுத்த இடத்திலேயே நின்றது.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளரிக்காய், தக்காளி, கொஞ்சம் தயிர் சாதம். எங்கே வைத்திருந்தீர்கள்? ஹாலில், கண்ணாடித் தொட்டியில், ஜன்னல் பக்கம், வெயில் படுமாறு. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரை விடாது. யாரிடம் வாங்கினீர்கள்? அப்பா போனைக் காட்டினார். விற்றவரின் பெயருக்குப் பக்கத்தில் 'ப்ரீடர்' என்று எழுதி ஒரு மெடல் படம். பணம் போனில் போனது, ஆமை ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அன்றிரவே வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மருந்து போட்டேன். மறுநாள் அந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போனேன். என் குறிப்புக் கடிதத்தோடு ஆமையை ஒப்படைத்தோம். அவர் பயத்தில் மூன்று முறை தண்ணீர் குடித்தார். ஆமை ஒன்பதாம் நாள் இறந்துவிட்டதாக எனக்குத் தகவல் வந்தது. பையனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவன் அம்மா இதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஆமை பட்டினியைப் பல வாரம் மறைக்கும். அதனால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. வாங்கிய மூன்றாம் நாள் செத்தால் நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். மூன்றாம் மாதம் செத்தால் "நாம்தான் சரியாப் பார்த்துக்கலை" என்று உங்களையே நொந்துகொள்வீர்கள்.

இனி சல்கேட்டா. இது சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்புக்காரன். வெளிநாட்டு இனம் என்பதால் இந்தியாவில் முறையாகப் பதிவு செய்து வைத்திருக்கலாம். சட்டப்படி இனப்பெருக்கம் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நல்ல ப்ரீடர் என்ற சொல்லுக்கு இங்கேதான் அர்த்தம் உண்டு. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார், பெயர் சொன்னால் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். நம் குடியிருப்புக்காரர் ஒருவரை அவரிடம் கூட்டிப்போனேன். அங்கே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

வாசலிலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: "சாருக்கு வயசு என்ன?" நாற்பத்தாறு என்றார் இவர். "ஆமைக்கு வாரிசு யாரு?" இவர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் சல்கேட்டா நம்மை விட அதிக நாள் இருக்கக்கூடியது. அடுத்து, "எவ்வளவு மண் தரை இருக்கு?" பால்கனி என்றார் இவர். அவர் பேசாமல் தோட்டத்தின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு குழியைக் காட்டினார். மனிதர் ஒருவர் தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். அதன் வாயில் ஒரு கிழட்டு ஆண் ஆமை அரைகுறையாக வெளியே கிடந்தது. சல்கேட்டா ஆண் ஐம்பது கிலோவைத் தாண்டும். குழி பறித்துக் குடியிருப்பது அதன் குணம். நம் கட்டடத்தின் தரையை அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். தரையை அதனால் பெயர்க்க முடியாது. பெயர்க்க முடியாமல் ஆயுள் முழுக்கச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

பிறகு ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பக்கம்: முட்டையிட்ட தேதி, எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, அடைப்பெட்டியின் வெப்பநிலை, வாரவாரம் ஒவ்வொரு குட்டியின் எடை. செத்தவற்றையும் எழுதியிருந்தார், சிவப்பு மையில். அந்தச் சிவப்பு மைதான் எனக்கு அவரிடம் நம்பிக்கை வரக் காரணம். எந்தக் குட்டியும் சாகவில்லை என்பவர் எதையும் எழுதி வைக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஒரே ஈட்டில் வந்த குட்டிகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தன. ஒரே கூடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவிலும் கொட்டாங்கச்சி அளவிலும் கலந்து கிடந்தால் அவை பொரித்தவை அல்ல, பொறுக்கியவை.

குட்டிகளுக்கு அருகம்புல், முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. தொட்டியின் மண் ஈரமாக இருந்தது. பாலைவனத்து ஆமைக்கு ஈரம் எதற்கு என்று நம்மவர் கேட்டார். நியாயமான கேள்விதான், நிறையப் பேர் தவறு செய்யும் இடமும் அதுதான். குட்டிகள் தம் இடத்தில் பெரும்பாலும் வளைக்குள் ஈரக் காற்றில் வளர்கின்றன. காய்ந்த சூழலில் வளர்த்தால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கொழுக்கட்டை போலக் கூம்பி எழும்பிவிடும். புரதம் அதிகமானதால் அப்படி ஆகிறது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். 2003-இல் சல்கேட்டா குட்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஈரப்பதக் குறைவுதான் அதைவிடப் பெரிய காரணம் என்று தெரிந்தது. ப்ரீடர் வீட்டுப் பெரிய ஆமைகளின் முதுகைப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் மனிதருக்கு வேலை தெரியும். மேடும் பள்ளமுமாக இருந்தால் அவரே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் பணத்தில் கற்க வேண்டாம்.

நம்மவர் கிளம்பும் முன் ஆசையாகக் கேட்டார்: "ஜோடியாக் கிடைக்குமா?" காதல் பறவை, கப்பி மீன் எல்லாம் ஜோடியாகத்தானே வாங்குவோம். தோட்டக்காரர் அன்று அப்போதுதான் சிரித்தார். ஆமைக்குட்டியை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. வருடங்கள் போய், வாலும் அடிவயிற்று ஓட்டின் குழிவும் காட்டிக்கொடுத்தால்தான் தெரியும். முட்டையிலேயே பாலினத்தை முடிவு செய்வது அடைகாக்கும் வெப்பம். பொதுவாகச் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஆகவே உள்ளங்கையளவு குட்டிகளை வைத்துக்கொண்டு 'இது ஜோடி' என்று எடுத்துக் கொடுப்பவரிடமிருந்து அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். மற்ற எல்லாப் பரிசோதனையும் மறந்துபோனாலும் இந்த ஒன்று நினைவிருந்தால் போதும். ஒரே கேள்வி, செலவில்லாத கேள்வி.

இன்னொன்று கணக்கு. பெண் சல்கேட்டா முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். முட்டை பொரிய மாதக் கணக்கில் ஆகும். எனவே எந்த மாதம் கேட்டாலும், எந்த அளவு கேட்டாலும், எத்தனை கேட்டாலும் 'ஸ்டாக் இருக்கு' என்பவர் வளர்ப்பவர் அல்ல. எங்கிருந்தோ வாங்கி விற்பவர். தோட்டக்காரரிடம் அன்று குட்டி இருந்தும் கொடுக்கவில்லை. ஆறு மாதம் முடிந்து, தானாக மேய்ந்து, எடை ஏறினால்தான் கொடுப்பாராம். நம்மவருக்கு அப்போதும் கொடுப்பதாக இல்லை. "மண் தரை வாங்கிட்டு வாங்க சார், பேசலாம்" என்றார். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது. வண்டியில் திரும்பி வரும்போது நம்மவர் என்னோடு பேசவே இல்லை.

பதிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பது, கைமாற்றுவது, அது குட்டி போடுவது, சாவது எல்லாம் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவாக வேண்டும். ஆமையைக் கையில் வாங்கும் முன் தாய் தகப்பனின் பதிவைக் கேளுங்கள், குட்டி பிறந்த பதிவைக் கேளுங்கள், உங்கள் பெயருக்கு எப்படி மாற்றித் தருவார் என்று கேளுங்கள். "அதெல்லாம் யார் சார் கேட்கிறாங்க" என்றால், ஒருநாள் கேட்பவர் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

கன்னத்தில் கோடு போட்ட அந்தச் சிவப்புக் காது ஆமை பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக்காரன். வண்ணமீன் கடையில் நாணயம் அளவில் வாங்கினால் சில வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், தொட்டி நாறும், உடனே ஏரியில் விடுவார்கள். அங்கே அது நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் தீனியையும் பிடுங்கும். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களில் ஒன்று என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். கேரள வன ஆராய்ச்சி நிலையம் இவற்றை மக்களிடமிருந்து திரும்பப் பெற ஒரு முயற்சியே தொடங்கியது. சின்னக் குழந்தைகளுக்கு சால்மொனெல்லா கிருமித் தொற்று வருகிறது என்று அமெரிக்காவே 1975 முதல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. அங்கே விற்க முடியாத அளவுதான் இங்கே கடையில் அதிகம் விலைபோகும் அளவு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஏரிக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் வாருங்கள், திட்டமாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.

நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்களும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறீர்கள். எந்த வீடு என்று எனக்குத் தெரியும், மடலில் எழுதப்போவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வேளச்சேரிப் பக்கம் எங்காவது புதரில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருந்த ஆமை நோயைக் காட்டுக்கு எடுத்துப் போகும். குஜராத்தில் பிடித்ததா நம் ஊரில் பிடித்ததா என்பதும் நமக்குத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைக்கும்போது நான் கூட வருகிறேன். தண்ணீர் பாட்டிலும் நானே கொண்டுவருகிறேன்.

பிள்ளைகளின் ஆசை மட்டும் மிச்சம் நிற்கிறது, அதை இல்லை என்று சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அங்கே அல்டாப்ரா ராட்சத ஆமைகள் இருக்கின்றன, ஒரு பிள்ளை முழுசாக ஒளிந்துகொள்ளும் அளவு. 2021 நவம்பரில் அவற்றில் ஒன்றையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் ஆமை ஆசை எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நம் வாசலிலிருந்து அங்கே போக வேன் ஏற்பாடு செய்திருக்கிறேன். இன்னும் ஆறு இடம் காலி. பிள்ளைகள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுவரட்டும். திரும்பும்போது ஒவ்வொரு பையையும் டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவேன்.

அன்புடன்,
சி பிளாக் டாக்டர் ஆன்ட்டி